மஞ்சள் போர்டு, வெள்ளை போர்டு, பச்சை போர்டு: வண்டி நம்பர் பிளேட்டின் நிறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரு வாடகை கார் ஓடுகிறது. அதனால் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் புது வண்டி எடுத்தாலோ, சுற்றுலாவுக்கு வேன் பிடித்தாலோ முதலில் எங்களிடம்தான் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாம் இந்தியச் சாலைகளைப் பற்றியவை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்டதற்காக இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பற்றியும் ஒரு பதில் சேர்த்திருக்கிறேன்.

எந்த நிறம் எந்த வண்டிக்கு? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வெள்ளைத் தட்டில் கருப்பு எழுத்து இருந்தால் சொந்த உபயோக வண்டி. மஞ்சள் தட்டில் கருப்பு எழுத்து இருந்தால் போக்குவரத்து வாகனம்: டாக்சி, ஆட்டோ, லாரி, பஸ் எல்லாம் இதில் வரும். கருப்புத் தட்டில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே எடுத்து ஓட்டிக்கொள்ளும் வாடகை கார். பச்சைத் தட்டு மின்சார வண்டிக்கு. நீலத் தட்டில் வெள்ளை எழுத்து வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு. மஞ்சளில் சிவப்பு எழுத்து தற்காலிகப் பதிவு. சிவப்பில் வெள்ளை எழுத்து இன்னும் விற்காமல் டீலர் கையில் இருக்கும் வண்டி. ராணுவ வண்டிகளுக்குத் தனி முறை உண்டு.

வண்டிக்குத்தான் எண் இருக்கிறதே, நிறம் வேறு எதற்கு?

வண்டி யாருடையது என்பதை எண் சொல்லும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள யாராவது பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். நிறத்துக்கு அந்த வேலையே இல்லை. சோதனைச் சாவடியில் நிற்கும் போக்குவரத்துக் காவலரை நினைத்துப் பாருங்கள். எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரின் நான்கு இலக்கத்தை அவர் படிப்பதற்குள் வண்டி அவரைத் தாண்டிவிடும். மஞ்சள் மட்டும் நூறு அடி தள்ளியே கண்ணில் படும். மஞ்சள் என்றால் பர்மிட், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), வரி ரசீது எல்லாம் கையில் இருக்க வேண்டிய வண்டி என்று அவருக்குத் தெரியும். வெள்ளை போர்டு வண்டிக்குள் ஒன்பது பேர் பெட்டி படுக்கையோடு நெருக்கி உட்கார்ந்திருந்தால் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொல்வார்.

பயணிக்கும் இதில் பங்கு உண்டு. முகம் தெரியாத ஓட்டுநரின் வண்டியில் குடும்பத்தோடு ஏறுகிறோம். அந்த வண்டி கூலிக்கு ஆள் ஏற்ற அனுமதி பெற்றதா, அதன் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் அரசு அதிகாரி ஒருவர் பார்த்திருக்கிறாரா என்று பார்த்த உடனே தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் அடையாளம் தட்டின் நிறம்தான். இதை யாரும் பள்ளியில் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன் கீழ் வந்த 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளும்தான் இதற்கெல்லாம் அடிப்படை. தட்டு எப்படி இருக்க வேண்டும் என்பது விதி 50-லும், எழுத்தின் அளவு விதி 51-லும் இருக்கிறது.

‘ஓன் போர்டு’, ‘டி போர்டு’ என்கிறார்களே, வித்தியாசம் நிறம் மட்டும்தானா?

நிறம் வெளியே தெரியும் பாகம். உள்ளே நிறைய மாறுகிறது.

ஓன் போர்டு, அதாவது வெள்ளை போர்டு போட்ட சொந்த காருக்குத் தமிழ்நாட்டில் ஒரே தடவையாக ஆயுள் வரி கட்டிவிடலாம். பதிவு 15 ஆண்டு செல்லும், அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். அந்த 15 ஆண்டுக்குள் எஃப்.சி. பேச்சே கிடையாது.

டி போர்டு, அதாவது மஞ்சள் போர்டு, அப்படியில்லை. பர்மிட் எடுக்க வேண்டும். புது வண்டிக்கு முதல் எஃப்.சி. இரண்டு ஆண்டு செல்லும். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். லாரிக்கும் ஆம்னி பஸ்ஸுக்கும் காலாண்டு வரி. இன்சூரன்ஸ் பிரீமியம் சொந்த காரைவிட அதிகம்.

எஃப்.சி. என்றால் ஒரு சீல் குத்துவது என்று நினைப்பவர்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா எஃப்.சி.க்கு முந்தின வாரம் முழுக்கத் தூங்கமாட்டார். பிரேக், ஹெட்லைட், இண்டிகேட்டர், டயர் பட்டன், வைப்பர், கதவுக் கைப்பிடி, முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்வார். கடைசியில் தட்டை எடுத்து எழுத்துக்குக் கருப்பு பெயிண்ட் அடிப்பார். பின்னால் அந்தத் தட்டின் மேலே எரியும் சின்ன பல்பு எரிகிறதா என்று இருட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். அந்த பல்பு அலங்காரத்துக்கு இல்லை. பின்னால் 15 மீட்டர் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்கும்படி வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும் என்பது விதி.

வாடகைக்கே விடாத பள்ளி பஸ்ஸுக்கு ஏன் மஞ்சள் போர்டு?

மஞ்சள் என்றால் வாடகை என்று நாம் பழகிவிட்டோம். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. ‘போக்குவரத்து வாகனம்’ என்பதற்குள் நான்கு வகையை அது வைத்திருக்கிறது: பொதுமக்களை ஏற்றும் வண்டி, சரக்கு வண்டி, கல்வி நிறுவனப் பேருந்து, கம்பெனி ஆட்களை ஏற்றிச்செல்லும் பேருந்து போன்ற தனியார் சேவை வாகனம். அதனால் மளிகைக் கடைக்காரர் தன் சொந்தக் கடைக்கு மட்டும் மூட்டை ஏற்றும் மினி லாரிக்கும் மஞ்சள் போர்டுதான். ‘என் வண்டி, என் சரக்கு, எனக்கு எதுக்கு மஞ்சள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான் அங்கே கணக்கு. விவசாய டிராக்டர் சொந்த உபயோக வகையில் வருவதால் அதற்கு வெள்ளை.

அரசு வண்டிகளும் இதே நிற விதிக்குள்தான். தமிழ்நாட்டில் அரசுத் துறை வண்டிகளுக்கு ‘ஜி’ வரிசை எண்ணும் அரசுப் பேருந்துகளுக்கு ‘என்’ வரிசை எண்ணும் கொடுக்கிறார்கள். அரசு பஸ் மஞ்சள் தட்டோடுதான் ஓடுகிறது. எண்ணில் இருக்கும் எழுத்தை வைத்து அரசுடையது என்று கண்டுபிடிக்கலாம்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஓன் போர்டு வேனை வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகிவிடும்? ஊரே எடுக்கிறதே.

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தை பேத்திக்குப் பழனியில் காது குத்து. அன்று எங்கள் வண்டிக்கு முன்பே வேறு சவாரி ஒப்புக்கொண்டிருந்தோம். மாமா, தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு வேன் பிடித்தார். டி போர்டு வேனைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. வெள்ளை போர்டு. கிளம்பும்போதே ஓட்டுநர் எல்லாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்: ‘யாராவது நிறுத்திக் கேட்டா, சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க. வாடகைன்னு சொல்லிடாதீங்க.’ அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது ஒட்டன்சத்திரம் தாண்டி வேன் சென்டர் மீடியனில் ஏறி நின்றது. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அத்தைக்கு மட்டும் வலது கை மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்தார்கள். செலவுக்கு இன்சூரன்ஸில் கேட்கலாம் என்று போனபோது முதலில் வந்த கேள்வி, ‘வாடகை கொடுத்தீங்களா?’ அத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. ‘ஆமாம், ஐயாயிரத்து ஐநூறு’ என்றார். அங்கேயே பேச்சு முடிந்தது.

சொந்த கார் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாதுகாப்பு கிடையாது என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டி மறுக்க இன்சூரன்ஸ் தரப்புக்கு வழி இருக்கிறது. நீதிமன்றம் போய்ப் போராடலாம், சிலருக்குக் கிடைக்கவும் கிடைக்கும். ஆனால் முறிந்த கையோடு எத்தனை வருடம் அலைவது? வண்டி உரிமையாளருக்கும் நிம்மதி இல்லை. பர்மிட் இல்லாமல் கூலிக்கு ஓட்டினால் சட்டப்பிரிவு 192ஏ பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று அது சொல்கிறது. வண்டியையும் பிடித்து வைக்கலாம். நடுராத்திரியில் வண்டியைப் பிடித்துவிட்டால் ரோட்டில் நிற்பது குழந்தை குட்டியோடு வந்த நீங்கள்தான்.

டி போர்டு வைத்து வரி கட்டி, பர்மிட் எடுத்து, எஃப்.சி. காட்டி ஓட்டுகிறவரின் பிழைப்பிலும் ஓன் போர்டு வாடகை கை வைக்கிறது. அந்த ஆயிரம் ரூபாய் குறைவு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், கட்டாமல் விட்ட வரியிலிருந்தும் எடுக்காமல் விட்ட இன்சூரன்ஸிலிருந்தும்தான்.

மஞ்சள் போர்டு ஓட்ட ‘பேட்ஜ்’, அதாவது லைசென்ஸில் தனி அனுமதி வேண்டுமா?

கார், சிறு வேன், ஆட்டோ போன்ற இலகு ரக வண்டிக்கு, மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாதவரை, சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்துவிட்டது. லாரி, பஸ்ஸுக்குத் தனி லைசென்ஸ் கட்டாயம்.

டி போர்டு வண்டியை ஓன் போர்டாக மாற்ற முடியுமா?

முடியும். பர்மிட்டைச் சரண்டர் செய்ய வேண்டும், கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், வரி வித்தியாசம் கட்ட வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வகையை மாற்ற வேண்டும். பிறகுதான் தட்டு மாறும். பழைய டாக்சியை மலிவாக வாங்கி, ஆர்.சி.யை மாற்றாமல் தட்டை மட்டும் வெள்ளையாக்கி ஓட்டுவது குற்றம். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் தட்டைப் பார்த்து ஏமாறாமல் ஆர்.சி.யில் ‘வாகன வகை’ என்ற கட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கருப்புத் தட்டில் மஞ்சள் எழுத்து போட்ட காரைப் பார்த்தேன். அது என்ன?

ஓட்டுநர் இல்லாமல் நாமே எடுத்து ஓட்டும் வாடகை கார். 1989-ல் வந்த ‘ரென்ட் எ கேப்’ திட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இதை விடுகின்றன. அந்த உரிமம் வாங்கக் குறைந்தது 50 கார்கள் வைத்திருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. நிறத்தை மஞ்சள் போர்டிலிருந்து தலைகீழாக்கியதில் அர்த்தம் இருக்கிறது. இதுவும் வாடகை வண்டிதான், ஆனால் உள்ளே ஸ்டியரிங் பிடித்திருப்பவர் உரிமையாளரும் அல்ல, தொழில்முறை ஓட்டுநரும் அல்ல. வண்டியை நிறுத்தும் காவலருக்கு அது உடனே புரியும்.

ஊருக்குள் வெள்ளை போர்டு காரை ‘செல்ஃப் டிரைவ்’ என்று நாள் வாடகைக்கு விடுகிறார்கள். வேன் கதையில் சொன்ன அத்தனை சிக்கலும் இதற்கும் உண்டு. கூடுதலாக ஓட்டியவர் நீங்கள் என்பதால் வழக்கும் உங்கள் பேரில் வரும்.

பழைய தமிழ்ப் படங்களில் சொந்த காருக்கே கருப்புத் தட்டு இருக்கிறதே?

ஆமாம், அப்போது முறை அதுதான். சொந்த வண்டிக்குக் கருப்புத் தட்டில் வெள்ளை எழுத்து. 2000-களின் தொடக்க ஆண்டுகளில்தான் வெள்ளைத் தட்டில் கருப்பு எழுத்தாக மாறியது.

அந்த மாற்றம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் தெரு முனையில் நம்பர் போர்டு எழுதும் கடை ஒன்று இருந்தது. கடை என்றால் ஒரு ஸ்டூல், நான்கு பெயிண்ட் டப்பா, மண்ணெண்ணெயில் ஊறும் தூரிகைகள். அந்த அண்ணன் தட்டில் சாக்பீஸால் மேலும் கீழும் இரண்டு கோடு இழுப்பார். சுண்டுவிரலைத் தட்டில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து ‘8’ போடுவார். இரண்டு வட்டமும் ஒட்டும் இடத்தில் தூரிகை திரும்புவதைப் பார்க்கவே பள்ளி விட்டதும் அங்கே நிற்போம். நிறம் மாறியபோது ஊரில் இருந்த ஸ்கூட்டரும் காரும் அவர் கடை முன்னால் வரிசையில் நின்றன. ராத்திரி பல்பு போட்டுக்கொண்டு எழுதினார். பிறகு ரேடியம் ஸ்டிக்கர் வந்தது, தூரிகைக்கு வேலை குறைந்தது. அதன் பிறகு எச்.எஸ்.ஆர்.பி. வந்து ஸ்டிக்கர் கடையையும் ஓரங்கட்டிவிட்டது. அவர் எழுதிய தட்டு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இன்றும் இருக்கிறது. எழுத்து கொஞ்சமும் உரியவில்லை.

எச்.எஸ்.ஆர்.பி. என்றால் என்ன? அது போட்டால் நிறம் மாறுமா?

மாறாது. வெள்ளை வெள்ளையாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் இருக்கும். உயர் பாதுகாப்புப் பதிவெண் தட்டு என்பது அதன் முழுப் பெயர். அலுமினியத் தகட்டில் எண் அழுத்திப் புடைத்து வரும். இடது மேல் மூலையில் 20 மி.மீ.க்கு 20 மி.மீ. அளவில் அசோகச் சக்கர ஹாலோகிராம். இடது பக்கம் நீலத்தில் ‘ஐ.என்.டி.’ எழுத்து. கீழே லேசரால் பொறித்த 10 இலக்க எண். அந்த எண் ஒவ்வொரு தட்டுக்கும் வேறு. தட்டை வண்டியோடு பிணைக்கும் ஸ்னாப் லாக்கை ஒருமுறை போட்டால் உடைத்துத்தான் எடுக்க முடியும். திருட்டு வண்டிக்கு வேறு வண்டியின் தட்டைக் கழற்றி மாட்டுவதைத் தடுக்கத்தான் இவ்வளவும்.

2001-லேயே இதற்கு விதி வந்துவிட்டது, ஆனால் நடைமுறைக்கு வரப் பல ஆண்டு இழுத்தது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் புது வண்டிகளுக்கு டீலரே பொருத்திக் கொடுக்க வேண்டும்.

தட்டின் மேல் படலம் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று திருப்பி அனுப்பும். அதன்மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி போடுகிறார்கள். தூசி படியாது என்பதற்காகப் போட்டாலும் அது ஒளியைச் சிதறடித்து, இரவில் எண் தெரியாமல் செய்துவிடும். கழற்றிவிடுங்கள்.

காரின் முன் கண்ணாடியில் நீலமும் ஆரஞ்சும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அதை மூன்றாவது நம்பர் பிளேட் என்றே சொல்லலாம். எரிபொருளைக் காட்டும் நிறம் அது. பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு, மற்றவற்றுக்குச் சாம்பல். பி.எஸ்.6 (புகை அளவுக்கான தரம்) வண்டியாக இருந்தால் மேல் விளிம்பில் ஒரு செ.மீ. அகலத்தில் பச்சைப் பட்டையும் இருக்கும். டெல்லியில் காற்று மாசு உச்சத்துக்குப் போகும் நாட்களில் எந்த டீசல் வண்டியை நிறுத்துவது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2018-ல் இதை வலியுறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

பச்சைத் தட்டில் சிலவற்றுக்கு வெள்ளை எழுத்து, சிலவற்றுக்கு மஞ்சள் எழுத்து. ஏன்?

பச்சை, மின்சாரத்தில் ஓடுவதைச் சொல்கிறது. எழுத்தின் நிறம், சொந்தமா வாடகையா என்பதைச் சொல்கிறது. வெள்ளை எழுத்து என்றால் சொந்த வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் போக்குவரத்து வண்டி. 2018 ஆகஸ்டில் வந்த அறிவிக்கை இது. ஆக மின்சார ஆட்டோவிலோ டாக்சியிலோ ஏறும்போது தட்டைப் பார்க்காமல் எழுத்தைப் பாருங்கள். வெள்ளை எழுத்து போட்ட மின்சார கார் சவாரிக்கு வந்தால் அதுவும் ஓன் போர்டு வண்டிதான்.

தனி நிறம் கொடுத்ததற்கு நடைமுறைக் காரணம் உண்டு. மின்சார வண்டிக்குச் சலுகைகள் இருக்கின்றன. மின்சாரப் போக்குவரத்து வண்டிகளுக்குப் பர்மிட்டே தேவையில்லை என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு விலக்கு கொடுத்தது. பார்க்கிங், சுங்கம் என்று சலுகை கொடுக்க நினைக்கும் எந்த நிர்வாகமும் வண்டியை நிறுத்தி விசாரிக்காமல் அடையாளம் காண நிறம் உதவும்.

புது வண்டிக்குச் சிவப்பு எழுத்துத் தட்டு எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

தற்காலிகப் பதிவுச் சான்றில் போட்டிருக்கும் தேதி வரைதான். மஞ்சளில் சிவப்பு எழுத்து என்பதும், டீலர் வண்டிக்குச் சிவப்பில் வெள்ளை எழுத்து என்பதும் 2020 ஜூலையில் வந்த அறிவிக்கையில் தெளிவாக்கப்பட்டது. அதற்கு முன் ஊருக்கு ஒரு மாதிரி காகிதத்தில் எழுதி ஒட்டுவார்கள். ‘ஃபார் ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று மட்டும் ஒட்டிக்கொண்டு எண்ணே இல்லாமல் ஓட்ட எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை. தற்காலிகமோ நிரந்தரமோ, பதிவு இல்லாமல் டீலர் வண்டியைக் கையில் கொடுக்கவே கூடாது. நல்ல நாள் பார்த்து வண்டி எடுப்பவர்கள் அந்த நாளுக்கு முன்பே பதிவு வேலையை முடித்துவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நீலத் தட்டு வண்டிகளைச் சென்னையில் பார்க்கிறேன். அதில் இருக்கும் எழுத்துக்கு என்ன பொருள்?

‘சி.டி.’ என்றால் தூதர்கள், ‘சி.சி.’ என்றால் துணைத் தூதரகம், ‘யு.என்.’ என்றால் ஐ.நா. சபை. தூதரகங்கள் டெல்லியில் இருப்பதால் சி.டி. அங்கே சாதாரணம். சென்னையில் இருப்பவை துணைத் தூதரகங்கள், அதனால் ஜெமினி மேம்பாலம் பக்கம் நின்றால் சி.சி. தட்டுகள் கண்ணில் படும். எழுத்துக்கு முன்னால் வரும் எண் எந்த நாடு என்பதைக் குறிக்கும். தூதர்களுக்கு 1961 வியன்னா உடன்படிக்கையின் கீழ் சிறப்புப் பாதுகாப்பு உண்டு. அவர்கள் வண்டியைச் சோதனையிடக் கூடாது. தெரியாமல் கூட ஒரு காவலர் அந்தத் தவறைச் செய்துவிடக் கூடாது என்பதற்குத்தான் யார் கண்ணுக்கும் தப்பாத நீலம்.

ஜனாதிபதி, ஆளுநர் கார்களுக்கு எண்ணே கிடையாதா?

முன்பு சிவப்புத் தட்டில் நான்முகச் சிங்கச் சின்னம் மட்டும் இருந்தது. எண் இல்லாத கார் மோதினால் யாரிடம் போய்க் கேட்பது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்கள். ஜனாதிபதி, துணை ஜனாதிபதி, ஆளுநர்கள், துணைநிலை ஆளுநர்கள் கார்களும் பதிவெண்ணைக் காட்ட வேண்டும் என்று 2018 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்புகளில் ஒன்று. தெருவில் ஓடும் எந்த வண்டிக்கும் ஒரு எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராணுவ வண்டித் தட்டில் அம்புக்குறி எதற்கு?

பிரிட்டிஷ் அரசுச் சொத்துகளில் அம்புக்குறி பொறிப்பது பழைய வழக்கம், அதன் தொடர்ச்சி இது. அம்புக்குப் பின் வரும் இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய ஆண்டு. இவை ஆர்.டி.ஓ.வில் பதிவாவதில்லை. சட்டப்பிரிவு 60 ராணுவத்துக்குத் தனிப் பதிவு முறையைக் கொடுத்திருக்கிறது. ராணுவத்தில் இருப்பவர் சொந்தமாக வாங்கும் காருக்கு நம்மைப் போல வெள்ளை போர்டுதான்.

பி.எச். (பாரத்) வரிசைக்குத் தனி நிறம் உண்டா?

இல்லை, வெள்ளையில் கருப்புதான். எண் அமைப்புதான் வேறு: முதலில் பதிவு ஆண்டின் இரண்டு இலக்கம், பிறகு ‘பி.எச்.’, நான்கு இலக்கம், கடைசியில் எழுத்து. 2021 செப்டம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தது. ராணுவத்தினர், மத்திய மாநில அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோர் இதைக் கேட்கலாம். மாநிலம் மாறும்போது மறுபதிவு அலைச்சல் இல்லை. சொந்த வண்டிக்கு மட்டும்தான்.

எண்ணைத் தமிழில் எழுதலாமா?

தமிழில் எழுதிய தட்டைப் பார்த்தால் எனக்கும் மனசு குளிரும். ஆனால் விதி 50 ஆங்கில எழுத்தும் 1, 2, 3 என்ற எண் வடிவமும்தான் வேண்டும் என்கிறது. நாடு முழுக்க எந்த ஊர்க் காவலரும் படிக்க வேண்டும் என்பது அதற்குக் காரணம். எண்களை வளைத்து ஒரு சொல் போலத் தோன்றும்படி எழுதுவது, கட்சிக் கொடி ஒட்டுவது, பதவி எழுதுவது எல்லாவற்றுக்கும் அபராதம் உண்டு. முதல் தடவை 500 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 1,500. 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இதற்காகத் தனியாகவே சோதனை நடத்தியது.

இலங்கையில் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். மலேசியா, சிங்கப்பூரில் கருப்பு. அங்கெல்லாம் அர்த்தம் வேறா?

வேறுதான். இலங்கையில் நிறம் திசையைச் சொல்கிறது. ஒரே வண்டிக்கு முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். இருட்டில் எதிரே தெரிவது வண்டியின் முகமா முதுகா என்று உடனே புரியும். பிரிட்டனிலும் இதே ஏற்பாடு. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கொழும்பில் பின்னாலிருந்து பார்த்துவிட்டு எல்லாம் டாக்சி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இலங்கைத் தட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 1950-களின் பிற்பகுதியில் வண்டி எண்ணில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைக் கட்டாயமாக்கினார்கள். தமிழரசுக் கட்சி அதை எதிர்த்துப் போராடியது. 1958-ல் அந்த எழுத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வந்த பஸ்களில் மக்கள் தார் பூசினார்கள். தெற்கே அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகள்மேல் தார் விழுந்தது. அந்த ஆண்டுக் கலவரத்துக்கு முன் நடந்தவற்றில் இதுவும் ஒன்று. ஒரு தகரத் தட்டில் எந்த எழுத்து இருக்கிறது என்பது ஒரு சமூகத்துக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை அந்த வரலாறு தெரிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். இப்போது அங்கே ஆங்கில எழுத்துகள்.

மலேசியாவில் சொந்த காருக்குக் கருப்பில் வெள்ளை எழுத்து, டாக்சிக்கு வெள்ளையில் கருப்பு எழுத்து, அதுவும் ‘எச்’சில் தொடங்கும். சிங்கப்பூரில் சிவப்புத் தட்டு போட்ட கார், நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டு குறைந்த செலவில் வாங்கியது.

பயணத்துக்கு வேன் பிடிக்கப் போகிறேன். தட்டின் நிறத்தைத் தவிர வேறு எதைப் பார்ப்பது?

முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாளே வண்டி எண்ணைக் கேளுங்கள். ‘வண்டி காலையில் வரும், அப்பப் பாத்துக்கலாம்’ என்றால் வேறு ஆளைப் பாருங்கள். எண் கிடைத்ததும் போனில் எம்பரிவாகன் செயலியில் போட்டால் வண்டியின் வகை, எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும். வேறு மாநிலம் போகிறீர்கள் என்றால் பர்மிட் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காக வண்டி ஓட்டுபவர் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார். எங்களிடம் கேட்டால் அப்பா சந்தோஷமாக எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, ‘ஏறும்போது தட்டுல அதே நம்பர் இருக்கான்னும் பாத்துக்குங்க’ என்று சொல்லுவார்.